முள் நல்ல வானிலையில் நின்றது

ரெம்ஸியின் வீட்டுக் கூடத்தில், கதவுக்குப் பக்கத்தில், காற்றழுத்தமானி ஒன்று தொங்கியது. பித்தளை வட்டம், கண்ணாடி, உள்ளே ஒரு முள். இடது ஓரத்தில் ‘புயல்’ என்றும் வலது ஓரத்தில் ‘நல்ல வானிலை’ என்றும் எழுதியிருந்தது. எழுதியவன் ஆப்ரிகாட் மரம் வளர்த்தவனாக இருக்க முடியாது.

ஆப்ரிகாட் விளையும் மலாட்யாவில் ஏப்ரல் மாதத்தில் யாரும் புயலுக்குப் பயப்படுவதில்லை. மேற்கிலிருந்து காற்றழுத்தத் தாழ்வு வரும். முள் இடப்பக்கம் சாயும். பெய் என்னும் மலையிலிருந்து காற்று கிளம்பிக் கன்னத்தில் அறையும். மேகம் மூடும், மழை விழும், சில நாள் அதோடு பனித்தூவலும் விழும். ஆடுகூடத் தொழுவத்தை விட்டு வராது. ஆனால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. காற்று கீழே இருக்கும் குளிரையும் மேலே இருக்கும் சூட்டையும் கலக்கிக்கொண்டே இருக்கும். மேகம் போர்வையாகக் கிடக்கும். தாழ்வு கிழக்கே நகர்ந்ததும் அதன் பின்னால் உயரழுத்தம் வந்து உட்காரும். அப்போது வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். காற்று நின்றுவிடும். முள் நல்ல வானிலைக்குப் போகும். அந்த இரவில்தான் தரையின் சூடெல்லாம் திறந்த வானத்துக்குப் போய்விட, குளிர் தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பூவையும் பிஞ்சையும் கருக்குவது அந்த இரவு.

ரெம்ஸியின் தோட்டம் பள்ளத்தில், ஓடைக்கரையில் இருந்தது. ஊரிலேயே தாழ்ந்த தோட்டம். அதனால் காவல் அவனுடையது. குளிர் யாருடைய மரத்தை முதலில் தொடுமோ அவன்தான் விழித்திருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அவன் மசூதி ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் எல்லாரும் தீ மூட்ட வேண்டும். ஒருவன் மட்டும் மூட்டிப் பயனில்லை. பள்ளத்தாக்கு முழுக்க ஈர வைக்கோல் புகைந்து, புகை கூரையாக நின்றால்தான் மரம் தப்பும். போன் ஏப்ரல் முழுக்க உறைபனி எச்சரிக்கை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ரெம்ஸி கூப்பிட்டானா என்றுதான் கேட்பார்கள்.

அந்த வருஷம் இதழ்கள் உதிர்ந்து, பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்திருந்தபோது தாழ்வு வந்தது. சில நாளாக இரவும் பகலும் ஒரே காற்று. ஒரு மாலை, இருட்டும் நேரத்தில், காற்று சட்டென்று அடங்கியது. ரெம்ஸி முற்றத்தில் நின்றான். அவன் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை கோடு போட்ட மாதிரி நேராக ஏறியது. கிளையில் கட்டியிருந்த வெப்பமானி மளமளவென்று இறங்கியது. மசூதி ஒலிபெருக்கிக்கு ஓடினான்.

முள்ளை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது இன்னும் இடப்பக்கமே கிடந்தது தெரிந்திருக்கும். தாழ்வு போகவில்லை, மூச்சு வாங்க நின்றிருந்தது, அவ்வளவுதான்.

ஊர் முழுக்கத் தீ மூட்டியது. புகை எழுந்து சற்று நேரம் மரங்களுக்கு மேல் நின்றது. பிறகு காற்று திரும்பி வந்தது, முன்னைவிட வேகமாக. புகை அடுத்த ஊருக்குப் பறந்தது. பொறிகளும் பறந்தன. பெக்தாஷின் கொட்டகை பற்றிக்கொண்டது. பழம் உலர்த்தும் மரத்தட்டுகளை அவன் அதில்தான் அடுக்கி வைத்திருந்தான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லார் வீட்டிலும் வைக்கோல் பாதிக்கு மேல் போயிருந்தது. காலையில் பிஞ்சுகள் காற்றில் ஆடிக்கொண்டு, பச்சையாக, சௌக்கியமாக இருந்தன. தீ மூட்டாமல் இருந்திருந்தாலும் அப்படியேதான் இருந்திருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

அன்று ரெம்ஸி தேநீர்க்கடைக்குள் நுழைந்தான். அவன் பெக்தாஷின் எதிரில் போய் உட்கார்ந்து, கொட்டகையைத் தானே கட்டித் தருவதாகச் சொன்னான். பெக்தாஷ் அவனைவிட வயதில் சிறியவன். பக்கத்துத் தோட்டக்காரன், பள்ளத்திலிருந்து ஒரு படி மேலே. தேநீரை உறிஞ்சிவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைத்தான்.

"கொட்டகை கெடக்கட்டும்ணே. புதுசாச் சட்டம் வந்திருக்காமே. ரெம்ஸி அண்ணனுக்குக் குளுந்தா ஊரே குளிர் காயணும்னு."

சிரித்தார்கள்.

"அடுத்த தடவை தும்மல் வந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. வீட்டையும் கொளுத்திடறேன். கொட்டகை போன பிறகு வீடு மட்டும் தனியா எதுக்கு?"

இன்னும் சிரித்தார்கள். ரெம்ஸியும் சிரித்தான். இமாம் தாடியைத் தடவுகிற மாதிரி வாயை மறைத்துக்கொண்டார். அவருக்கும் சிரிப்பு வந்திருந்தது. யாரோ, காவலை இனி ஒரு கோழிக்குக் கொடுத்தால் என்ன, அது நேரத்துக்காவது கூவும் என்றார்கள். ரெம்ஸி அதற்கும் சிரித்தான். வெளியே வந்து நடந்தபோதும் அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கவில்லை. ஓடைப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் கையால் துடைத்துக்கொண்டான்.

மத்தியானத்திலிருந்து காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மேகம் கிழிந்து கிழக்கே ஒதுங்கியது. சூரியன் தெளிவாக இறங்கியது. ஊர் மகிழ்ந்துபோயிற்று. பல நாளுக்குப் பிறகு பெண்கள் கொடியில் துணி போட்டார்கள். ஆண்கள் மேல்கோட்டு இல்லாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். குளிர் விட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ரெம்ஸி காற்றழுத்தமானியின் கண்ணாடியை விரலால் தட்டினான். முள் துள்ளி வலப்பக்கம் போய் நின்றது.

அவன் மனைவி ஹாத்தூன் முற்றத்திலிருந்து உள்ளே வந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். மூட்டுகிற வேலைக்கு அவள் எப்போதும் அப்படித்தான் கட்டுவாள்.

"போய்க் கூப்பிடுங்க."

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம்."

"எதைப் பாக்கப் போறீங்க? மேகம் இல்ல. காத்து இல்ல. நாய் மூச்சு விட்டா ஆவி வருது."

"எல்லார்கிட்டயும் வைக்கோல் பாதிகூட இல்ல, ஹாத்தூன். இன்னைக்கும் தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா சிரிப்பாங்க. வேற என்ன?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மசூதிச் சுவர் வரைக்கும் போனான். எதிரே தேநீர்க்கடையில் விளக்கு எரிந்தது. சன்னல் ஆவி படிந்திருந்தது. உள்ளே பெக்தாஷின் குரல் ஏதோ சொன்னது, எல்லாரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்கவில்லை. அவனைப் பற்றித்தான் என்று சொல்ல முடியாது. பந்தாட்டமாக இருக்கலாம். யாருடைய கழுதையாவது இருக்கலாம். ரெம்ஸி சுவரில் கை வைத்தபடி நின்றான். கல் சில்லிட்டிருந்தது. வானத்தில் நட்சத்திரங்கள் அடங்காமல் மின்னின. இந்த இரவில் அவனுக்கு ஒரு துளிகூடச் சந்தேகம் இல்லை. அதுதான் பிற்பாடு அவனை விடவே இல்லை. சந்தேகம் இருந்திருந்தால் ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

திரும்பி வந்து, மசூதிக் கதவு பூட்டியிருக்கிறது என்று ஹாத்தூனிடம் சொன்னான்.

பக்கக் கதவை யாரும் பூட்டுவதில்லை. அவளுக்கும் தெரியும். அவள் அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

வெப்பமானி பூஜ்யத்தைத் தொட்டபோது அவன் தன் வைக்கோல் குவியல்களைத் தானே மூட்டினான். சுடர் தெரியாதபடி ஈரச் சாக்குகளைப் போட்டு அமுக்கினான். ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அல்ல, புகைக்காக என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். புகை வீட்டுக் கூரை உயரம் ஏறி, அங்கேயே பரந்து, ஓடையோடு ஓடையாக மெல்லக் கீழே நகர்ந்து போனது. அதன் இடத்தைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குளிர் வந்து நிரப்பியது. அவன் குவியலுக்குக் குவியல் ஓடினான். ஒரு வீட்டுப் புகை எத்தனை மரத்தை மூடும்? முற்றத்து வாளியில் தண்ணீர் மெல்லிய ஓடு கட்டியது.

காலையில் மரங்கள் நேற்றுப் போலவே இருந்தன. உறைபனி பட்ட மரம் முதலில் எதையும் காட்டாது. ரெம்ஸி ஒரு பிஞ்சைப் பறித்து நகத்தால் பிளந்தான். நடுவே கறுத்திருந்தது. அடுத்த கிளையில் ஒன்று. அடுத்த மரத்தில் ஒன்று. பிறகு பிளப்பதை விட்டுவிட்டான்.

மண்வெட்டியை எடுத்தான். சாம்பல் குவியல்கள் மேல் மண்ணை இழுத்துப் போட்டுச் சமப்படுத்தத் தொடங்கினான். ஏன் செய்கிறோம் என்று அவன் யோசிக்கவில்லை. கை செய்தது. கடைசிக் குவியலுக்கு வந்தபோது வேலிப்பக்கம் காலடி கேட்டது. பெக்தாஷ் நின்றிருந்தான். உள்ளங்கை நிறையப் பிஞ்சுகள், எல்லாம் பிளந்தவை.

"என்னண்ணே பண்றீங்க?"

"மண்ணு கொத்தறேன்."

பெக்தாஷ் வேலியைத் தாண்டி வந்தான். செருப்பு முனையால் புது மண்ணைக் கிளறினான். உள்ளிருந்து ஆவி வந்தது. இன்னும் கொஞ்சம் கிளறினான். சாம்பலுக்குள் ஒரு கங்கு சிவந்து, காற்றுப் பட்டதும் கண் திறந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். திட்டுவான் என்று ரெம்ஸி காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றான் பெக்தாஷ்.

அண்ணே என்று சொல்லவில்லை. கையிலிருந்த பிஞ்சுகளை அந்தச் சாம்பல் மேல் போட்டுவிட்டு வந்த வழியே போனான்.

அன்று ரெம்ஸி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வாசலில் யாராவது போனால் கூடத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஹாத்தூன் கஞ்சி வைத்துவிட்டு அவனைக் கூப்பிடாமல் தனியாகச் சாப்பிட்டாள். கொடியில் துணி காகிதம் போலக் காய்ந்து விறைத்தது. மழை விட்டுப்போன ஈரம் மண்ணில் துளியும் இல்லை. அவன் கண்ணாடியைத் தட்டினான். முள் இன்னும் வலப்பக்கம் ஏறியது. உயரழுத்தம் நகரவில்லை, பள்ளத்தாக்கின் மேல் நன்றாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது.

நேற்றுக் குளிர் பெக்தாஷின் வீட்டு மட்டம் வரைக்கும்தான் தேங்கியிருந்தது. சரிவில் அதற்கு மேலே இருந்த தோட்டங்களை அது தொடவில்லை. மேல்வரிசைக்காரர்கள் எப்போதுமே அப்படித்தான், உறைபனி எங்கள் படி ஏறாது என்பார்கள். ஆனால் நேற்றாவது மண்ணில் ஈரம் இருந்தது, அது கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. இன்று இரவு காய்ந்த மண், காய்ந்த காற்று. பள்ளம் சீக்கிரமே நிரம்பும். நிரம்பினால் மேலே ஏறும்.

மாலை வெயில் சுவரில் ஏறியபோது ஹாத்தூன் அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினாள்.

"மேல இருக்கிற தோட்டம் இன்னும் இருக்கு."

"நான் சொன்னா யார் கேப்பாங்க?"

"கேக்க மாட்டாங்க. போய்ச் சொல்லுங்க."

அவன் போனான். ஒலிபெருக்கிக்குப் போகவில்லை. அது முகம் தெரியாமல் பேசுகிற இடம். தேநீர்க்கடைக்குப் போய், உட்காராமல், நடுவில் நின்று சொன்னான். இன்றிரவு மேல்வரிசைக்கும் வரும், முள் ஏறியிருக்கிறது, இருக்கிற வைக்கோலையெல்லாம் மேலே கொண்டுபோக வேண்டும், என்னிடம் மிச்சமிருப்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். சொல்லும்போது தன் குரல் பிச்சை கேட்கிறவன் குரல் மாதிரி இருப்பது அவனுக்கே கேட்டது.

அடுப்பில் தேநீர்க் குடம் கொதித்தது. மேல்வரிசையில் தோட்டம் வைத்திருந்த ஹிதிர் கடைசியில் வாயைத் திறந்தான்.

"முந்தாநேத்துக் கூப்பிட்டீங்க, வரல. நேத்துக் கூப்பிடல, வந்துச்சு. இன்னைக்குக் கூப்பிடறீங்க. நாங்க எதை நம்பறது? மேல எங்களுக்கு வந்ததே இல்லயே."

தலைகள் அசைந்தன. ஒருவன் எழுந்து காசை வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தான். பெக்தாஷ் மூலையில் உட்கார்ந்து கரண்டியால் வெறும் கோப்பையைக் கலக்கிக்கொண்டிருந்தான். காலையில் பார்த்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை என்பது ரெம்ஸிக்கு அப்போதுதான் புரிந்தது. சொல்லியிருந்தால் ஹிதிர் இப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

"அவன் சொல்றதை நம்பலாம்," என்றான் பெக்தாஷ். தலையைத் தூக்கவில்லை. "நேத்து அவனுக்குத் தெரியும். அவன் தோட்டத்துல தீ மூட்டியிருக்கான். சாம்பல்மேல மண்ணு போட்டு மூடினதை நான் என் கண்ணால பாத்தேன். கங்கு இருந்துச்சு."

கரண்டிச் சத்தம் நின்றது.

"நமக்குத்தான் சொல்லல. ஆனா தெரியும். அப்ப இன்னைக்கும் தெரியும். கெளம்புங்க."

ரெம்ஸி தரையைப் பார்த்தான். சிமெண்டில் ஒரு வெடிப்பு கதவு வரைக்கும் ஓடியது. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் அவனைப் பார்ப்பது பிடரியில் தெரிந்தது. அவன் வாயிலிருந்து வந்த எதையும் அவர்கள் நம்பவில்லை. அந்தச் சாம்பலை நம்பினார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அவனைத் தாண்டிப் போனவர்கள் தோள் படாமல் ஒதுங்கிப் போனார்கள். ஹிதிர் மட்டும் அவன் முன்னால் ஒரு நொடி நின்றான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

இருட்டுவதற்குள் டிராக்டர்கள் மேலே ஏறின. எல்லாம் இழந்தவர்களும் தங்கள் வைக்கோலைக் கொண்டுவந்தார்கள். கீழே அதற்கு இனி வேலை இல்லை. ரெம்ஸி தன் களஞ்சியத்தைக் கூட்டித் துடைத்து ஏற்றினான். யாரும் அவனை வேலை வாங்கவில்லை, விலக்கவும் இல்லை. வைக்கோல் புரட்டும் கவையைக் கேட்டால் கொடுத்தார்கள். குளிர் அவன் சொன்னபடியே பள்ளத்தை நிரப்பிவிட்டு, பெக்தாஷின் வீட்டைத் தாண்டி, மேல்வரிசையின் முதல் சுவரைத் தொட்டது. அங்கே புகை நின்றது. எல்லார் புகையும் சேர்ந்து, கனமாக, கூரை போல. அவன் இருமிக்கொண்டே வைக்கோலைப் புரட்டினான். கண் எரிந்து நீர் வழிந்தது. புகையில் யார் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

விடிந்ததும் பிளந்து பார்த்தார்கள். வேலியோர மரங்கள் போயிருந்தன. மற்றவை பச்சை. ஹிதிர் ஒரு பிஞ்சின் பச்சை நடுவை எல்லாருக்கும் காட்டிக்கொண்டே போனான்; ரெம்ஸியிடம் வந்ததும் கையைத் தாழ்த்திக்கொண்டான். ஹிதிரின் மனைவி பெரிய பாத்திரத்தில் சூப் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினாள். ரெம்ஸிக்கும் ஒரு கிண்ணம் நீட்டினாள்.

"சாப்பிடுங்கண்ணே. ராத்திரி முழுக்க வேலை பாத்திருக்கீங்க."

அவன் வாங்கிக்கொண்டான். சூடாக இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். பெக்தாஷ் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ரெம்ஸி திருகாணியைக் கழற்றிக் காற்றழுத்தமானியைச் சுவரிலிருந்து இறக்கினான். சுவரில் வெளுத்த வட்டம் ஒன்று மிஞ்சியது. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பெக்தாஷின் வீட்டுக்குப் போனான். எங்கே போகிறீர்கள் என்று ஹாத்தூன் கேட்கவில்லை.

பெக்தாஷ் எரிந்த கொட்டகையின் கரிக்கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ரெம்ஸி துண்டைப் பிரித்து நீட்டினான். எனக்கு அடுத்த தோட்டம் உன்னுடையது, காவலை இனி நீ வைத்துக்கொள், தட்டிப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், வசந்தத்தில் வலப்பக்கம் போனால் பயப்பட வேண்டும் என்றான். சொல்லச் சொல்ல மனம் லேசாவது போல இருந்தது. அதை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது.

பெக்தாஷ் கரியான கையைக் காலில் துடைத்துக்கொண்டான். மானியைத் தொடவில்லை.

"பள்ளம் எடம் மாறிடுச்சா?"

ரெம்ஸி தன் தோட்டத்தின் பக்கம் பார்த்தான்.

"மாறலேல்ல? அப்ப உன் செவுத்துலயே மாட்டு. தெனமும் பாரு." குனிந்து அடுத்த கட்டையை எடுத்தான். "கொட்டகை கட்டித் தரேன்னு சொன்னியே. நாளைக்கு வா. மரம் நான் வாங்கிக்கறேன்."

ரெம்ஸி துண்டைச் சுற்றி மடக்கிக்கொண்டு திரும்பினான். வீட்டில் ஹாத்தூன் முக்காலியைச் சுவரோரம் போட்டு வைத்திருந்தாள், அவன் இப்படித்தான் திரும்பி வருவான் என்று தெரிந்தவள் போல. அவன் ஏறினான். அவள் திருகாணியை எடுத்துக் கொடுத்தாள். மானி தன் வெளுத்த வட்டத்தில் போய் உட்கார்ந்தது.

சாயங்காலம் அவன் கண்ணாடியைத் தட்டினான். முள் இடப்பக்கம் லேசாக நகர்ந்தது. மேற்கில் எங்கோ அடுத்த தாழ்வு கிளம்பியிருந்தது. இருட்டுவதற்குள் பெய் மலையிலிருந்து காற்று இறங்கியது. ஊரில் யாரோ பாழாய்ப்போன குளிர் என்று திட்டிக்கொண்டே சன்னலைச் சாத்தினார்கள். இன்றிரவு யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை. ரெம்ஸி விளக்கை அணைக்காமல் மானியின் முன்னால் நின்றான். கண்ணாடியில் அவன் முகமும் தெரிந்தது. அவன் முள்ளை மட்டும் பார்த்தான்.